அறுநூற்றுப் பதிமூன்றாவது ஆள்

பில்லில் அதன் பெயர் டர்ன்ஸ்டைல் என்று இருந்தது. ஏற்காடு ஆரஞ்சுப்பாறை கார்டனில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. சுத்துக்கம்பி என்றார்கள். இடுப்பு உயரத்துக்கு ஒரு எவர்சில்வர் பெட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று கைகள். ஒரு கையைத் தள்ளினால் ஓர் ஆள் போகும் அளவுக்கு வழி விடும். உடனே அடுத்த கை வந்து பின்னால் அடைத்துக்கொள்ளும். உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. உள்கம்பி உள்பக்கம் மட்டுமே சுற்றும், வெளிக்கம்பி வெளிப்பக்கம் மட்டுமே. ஒவ்வொன்றின் தலையிலும் சின்னக் கண்ணாடிக்குள் சிவப்பாக ஓர் எண் எரியும். ஒரு தள்ளலுக்கு ஓர் எண் ஏறும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சசிகலா உட்கார்ந்திருப்பாள். கார்டனின் கேட் அவள் பொறுப்பு.

சேலத்திலிருந்து கம்பியைப் பொருத்த வந்த ஆள் அரை மணி நேரம் அதை விளக்கினார். சசிகலாவுக்கு இரண்டாவது நிமிஷத்திலேயே புரிந்துவிட்டது. அவள் ஊரில் சாமைக்காட்டு வேலியில் ஆள் போகும் இடைவெளியில், கவை பிரிந்த மரக்கட்டை ஒன்றை நட்டிருப்பார்கள். மனிதர்கள் காலைத் தூக்கிவைத்து, உடம்பைக் கொஞ்சம் திருப்பி நுழைந்துவிடலாம். மாடு வந்தால் அதன் முன் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

"நம்மூருக் கடவுதானுங்க இது. என்ன, இது எண்ணுது" என்றாள்.

பொருத்த வந்தவர் கொஞ்சம் ஏமாற்றத்தோடு ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆட்களைப் பற்றி அந்தக் கம்பி நிறையச் சொல்லும் என்று அவளுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. புதிதாகக் கல்யாணமானவர்கள் கோத்த கையை விடாமல் இரண்டு பேரும் ஒரே தள்ளலில் போகப் பார்ப்பார்கள். கம்பி விடாது. பெண் முதலில் போய், உள்ளே நின்று, வேறு ஏதோ ஊருக்கு வந்து இறங்கிவிட்டவள் மாதிரி திரும்பிப் பார்ப்பாள். தொப்பை உள்ளவர்கள் பக்கவாட்டில் திரும்பி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். குழந்தைகள் இன்னொரு தடவை என்று அழும். தூக்கிக்கொண்டு போன குழந்தையைத் தூக்கிக்கொண்டே வரவேண்டும், நடந்து போனது நடந்தேதான் வரவேண்டும் என்பது சசிகலாவின் கண்டிப்பு. இல்லாவிட்டால் எண் பிசகிவிடும். ஒரு சிலர், ஆயிரத்தில் ஒருவர், கம்பியின் முன் வந்ததும் ஏனென்று தெரியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவளுக்கு அவர்களைப் பிடிக்கும்.

கம்பி வந்ததற்குக் காரணம் ஒரு தர்மபுரிக்காரர்.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு வந்த எழுபது வயதுப் பெரியவர் மற்ற வேனில் இருக்கிறார் என்று இரண்டு வேன்காரர்களும் நினைத்துக்கொண்டு மலையிறங்கிவிட்டார்கள். கூட்டம் வடிந்ததும் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாரும் போயாச்சுங்க" என்று சொன்னவள் சசிகலா. மறுநாள் காலை கேட்டைத் திறந்தவளும் அவள்தான். கழிப்பறைச் சுவரை ஒட்டி, ஈர வேட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை. அவளைத் திட்டவும் இல்லை. "விடிஞ்சுதுங்களா அம்மணி?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் அவள் இந்நேரம் அதை மறந்திருப்பாள்.

சேலத்தில் இருக்கும் முதலாளி இரண்டு கம்பிகளையும், கூடவே ஒரு விதியையும் அனுப்பினார். மாலை ஆறு மணிக்கு இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். சசிகலா அதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மேனேஜர் வெங்கடேஷ் அதன் கீழே போடவேண்டும். பிறகு இரண்டு கண்ணாடியையும் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பவேண்டும். எண் ஒத்துப்போகாமல் பூட்டக் கூடாது.

"இன்னொருக்கா ஆளை உள்ள வெச்சுப் பூட்டுனா, கேட்டுக்கு வேற ஆளைப் பாத்துக்குவோம்" என்று வெங்கடேஷ் அவளிடம் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் ஒருநாள்கூட எண் தவறவில்லை.

ஆயுத பூசையன்று காலை ஏழரைக்கே வந்து, சாவியைப் போட்டு, இரண்டு எண்ணையும் சைபருக்குக் கொண்டுவந்தாள். எட்டு மணிக்குப் பூசை. அன்று அவளுக்கு வீட்டு விலக்கு. விடுமுறைக் கூட்டத்தன்று வேலைக்கு வராமல் இருக்க முடியாது. பூசையில் நிற்கவும் முடியாது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் எருக்குழிப் பக்கம் போய், வெட்டிப்போட்ட ரோஜாக் கிளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மணிச் சத்தம் கேட்டது. தேங்காய் உடைந்தது கேட்டது. சிரிப்பும் கேட்டது. அவள் திரும்பி வருவதற்குள் ஆத்தூரிலிருந்து ஒரு கல்லூரி பஸ் வந்து, பிள்ளைகள் கம்பியைத் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார்கள்.

வெங்கடேஷ் உள்கம்பியின் மூன்று கைகளிலும் குங்குமத்தைக் குழைத்து அப்பியிருந்தார். வெளிக்கம்பிக்கு வெறும் சந்தனம். இரண்டின் தலையிலும் எண் தெரியும் கண்ணாடியை மூடிக்கொண்டு சாமந்தி மாலை. அன்று விடிந்ததிலிருந்தே மூடுபனி; குங்குமமும் காயவில்லை, சந்தனமும் காயவில்லை. உள்ளே போனவர்கள் இடுப்பில் ஒரு சிவப்புக் கறையோடு போனார்கள். வெளியே வந்தவர்கள் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் கறையோடு வந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் சண்டைக்கே வந்தார்கள்.

"புதுச் சட்டைங்க. இது போகுமா?"

"துவைச்சாப் போயிருமுங்க" என்று சசிகலா அன்று ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பாள்.

மூன்றரை மணிக்கு நீல ஸ்வெட்டர் போட்ட ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கலாம். கூட யாரும் இல்லை. கையில் பையும் இல்லை. ஏற்காட்டுக்குத் தனியாக யாரும் வருவதில்லை என்று சொல்ல முடியாது. எஸ்டேட் வேலைக்கு வருகிறவர்கள், மருந்துக் கம்பெனிக்காரர்கள் எல்லாம் வருவார்கள். ஆனால் அவர்கள் டிக்கெட் வாங்கி ரோஜா பார்க்க வருவதில்லை.

"எத்தன மணிக்கு மூடுவீங்க?" என்று அவர் கேட்டார்.

"ஆறு மணிங்க."

"பாறைக்கு எந்தப் பக்கம்?"

வழி சொன்னாள். கம்பியின் முன் வந்ததும் அவர் நின்றார். பின்னால் வந்த ஒரு குடும்பத்தை, ஆறு பேரையும், முன்னால் போகவிட்டார். பிறகு "போலாங்களா?" என்று மிகத் தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டு, கம்பியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். அதிலிருந்து அவள் வெளிக்கம்பிப் பக்கம் கண்ணை வைத்துக்கொண்டே இருந்தாள். பாறை என்பது கார்டனின் கடைசி. அதன் முன்னால் இடுப்பளவு கம்பிவேலி ஒன்று இருக்கிறது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. கீழே குப்பனூர்ப் பக்கத்துத் தோப்புகள் விரல்நகம் அளவுக்குத் தெரியும். அன்று பனியில் அதுவும் தெரியவில்லை.

நாலரை மணிக்குக் குரங்குகள் வந்தன. கேட்டுக்கு உள்ளே கொய்யா விற்கும் ஆராயியின் கூடையைக் கவிழ்த்துவிட்டன. ஒரு குழந்தை வீறிட்டது. சசிகலா கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் நாற்காலிக்குத் திரும்ப ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷமும் வெளிக்கம்பியைப் பார்க்க ஆள் இல்லை.

ஆறு மணிக்குக் கடைசிக் குடும்பம் வெளியே போனது. செக்யூரிட்டி செல்வராஜ் பாறையிலிருந்து விசில் ஊதிக்கொண்டே வந்தார். தோட்டக்காரர் மாதேஸ்வரன் குழாய்களை மூடிவிட்டு வந்தார். "கிளியருங்க" என்றார்கள் இரண்டு பேரும். சசிகலா இரண்டு மாலைகளையும் தூக்கிப் பார்த்தாள்.

உள்ளே: 613. வெளியே: 612.

மறுபடியும் பார்த்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"சார், ஒரு ஆளு உள்ள இருக்குதுங்க" என்றாள்.

வெங்கடேஷ் போனை எடுத்து போட்டோவுக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தார். அன்று சாயங்காலம் சேலத்தில் வீட்டுப் பூசைக்குப் போக வேண்டியவர். புது வேட்டியில்தான் வந்திருந்தார்.

"நல்லாப் பாரும்மா."

"பாத்தனுங்க."

"டிக்கெட் எத்தன போயிருக்கு?"

"டிக்கெட்டை வெச்சுச் சொல்ல முடியாதுங்களே. அஞ்சு வயசுக்குக் கீழ டிக்கெட் இல்ல, கம்பிக்கு அது தெரியாது. நடந்து போற கொழந்தையும் அதுக்கு ஒரு ஆளுதான்."

"சின்னக் கேட்டு?"

வேலை செய்கிறவர்களுக்கும் ஆராயிக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கேட் உண்டு. அதற்கு எண் இல்லை. சாவி சசிகலாவின் இடுப்பில். "சக்கர நாற்காலியில ஒரு அம்மா வந்தாங்க. அதுல போயி அதுலயே வந்துட்டாங்க. வேற யாரையும் உடலைங்க."

செல்வராஜுக்கு ஐம்பது வயது. எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பவர். "குரங்கு வந்தப்ப நீ இங்க இல்லையே அம்மணி. எவனாச்சும் காலேஜ் பையன் எகிறிக் குதிச்சிருப்பான். இதுக்குப் போயி."

"இருக்கலாமுங்கண்ணா."

"அப்பறம் என்ன? வெளிய போற கம்பிய ஒரு தள்ளு தள்ளி உடு. அறுநூத்திப் பதிமூணு, அறுநூத்திப் பதிமூணு. போட்டோ எடுத்தாச்சு, ஊட்டுக்குப் போயாச்சு."

கம்பி ஓர் எட்டு தூரத்தில் இருந்தது. ஒரு விரலால் தள்ளினாலும் சுற்றும். எல்லாரும் அதைப் பார்த்தார்கள். வெங்கடேஷ் போனைத் தாழ்த்தவில்லை.

"நீல ஸ்வெட்டர் போட்ட ஒருத்தரு மூணரைக்கு உள்ள போனாருங்க. தனியா வந்தாரு. பாறைக்கு வழி கேட்டாரு. அவரு வெளிய வந்ததை நான் பாக்கலை" என்றாள் சசிகலா.

அதன் பிறகு யாரும் கம்பியைப் பார்க்கவில்லை.

வெங்கடேஷ் வேட்டியை மடித்துக் கட்டினார். செல்வராஜும் மாதேஸ்வரனும் டார்ச்சோடு இடப்பக்கம் போனார்கள். சசிகலாவும் வெங்கடேஷும் வலப்பக்கம். கேட்டைப் பார்த்துக்கொள்ள ஆராயி உட்கார்ந்தாள். "எவனாச்சும் வந்தா நான் கம்பியா நின்னுக்கறேன், நீ போ புள்ள" என்றாள்.

பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் பனியில் போய் ஒரு வெள்ளைச் சுவராக நின்றது. "சார்!" என்று சசிகலா கூப்பிட்டாள். பெயர் தெரியாத ஒருவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? பக்கத்தில் நடந்த வெங்கடேஷ் முதல் இரண்டு தடவை "என்னம்மா?" என்று கேட்டார். மூன்றாவது தடவை அவருக்கும் புரிந்து, அவரும் "சார்! சார்!" என்று கத்த ஆரம்பித்தார். இரண்டு பேரும் ரோஜாப் பாத்திகளுக்கு நடுவில், கண்ணாடி அறைக்குள், ஊஞ்சல்களுக்குக் கீழே, கழிப்பறையின் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் பார்த்தார்கள். அந்தச் சுவருக்கு வந்தபோது சசிகலா டார்ச்சை முதலில் தரையில் அடித்து, பிறகு மெதுவாக உயர்த்தினாள். யாரும் இல்லை. ஒரு சிப்ஸ் பாக்கெட் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது.

"போலீசுக்குச் சொல்லிரலாங்களா சார்?"

"சொன்னா நாளைக்குப் பேப்பர்ல வரும். அதுக்கு முன்னாடி பாறையப் பாத்துருவோம்" என்றார் வெங்கடேஷ்.

பாறைக்கு மற்ற இருவரும் முன்னதாகவே வந்துவிட்டிருந்தார்கள். செல்வராஜ் டார்ச்சைத் தரையில் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். வேலிக்கு இந்தப் பக்கம், ஒன்றை ஒன்று தொட்டபடி, ஒரு ஜோடி செருப்பு. ஆண் செருப்பு. வாசல் முன் கழற்றி வைத்ததுபோல் ஒழுங்காக இருந்தது.

சசிகலா வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழே பனி மட்டும் இருந்தது, ஒரு சத்தமும் இல்லாமல். ஓர் எண் பிசகாக இருப்பதற்கு இப்படி ஒரு பொருளும் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் அந்த ஐந்து நிமிஷத்தையும், கொய்யாக்களையும், கையில் இருந்த கம்பையும் நினைத்தாள்.

"அது என்னுதுங்க" என்றார் மாதேஸ்வரன்.

மூன்று பேரும் அவர் காலைப் பார்த்தார்கள். வெறுங்கால்.

"செடிக்குத் தண்ணி உடறப்ப நான் செருப்புப் போடறதில்லீங்க. மத்தியானம் இங்க கழட்டுனது. அப்பறம் தேடுனேன், காணம்."

"அதை ஏய்யா இங்க வந்து நின்னுட்டு இந்நேரஞ் சொல்லாம..." வெங்கடேஷுக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு நிமிசமா எல்லாரும் செத்துட்டு நிக்கறோம்!"

"நீங்க எல்லாரும் அவ்வளவு கவலையாப் பாத்துட்டு இருந்தீங்களா, நானும் என்னமோ ஏதோன்னு பாத்துட்டு இருந்தனுங்க."

செல்வராஜ் சிரித்தார். சிரித்துவிட்டு, வேலிக் கம்பியைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துகொண்டார்.

ஏழே கால் மணிக்குக் கேட்டுக்குத் திரும்பினார்கள். வெங்கடேஷின் போன் மூன்றாவது தடவை அடித்து நின்றது. முதலாளி. போட்டோ இன்னும் போகவில்லை.

"சசிகலா, நாலு பேரு ஒரு மணி நேரம் தேடியாச்சு. இண்டு இடுக்கு பாக்கி இல்லை. யாரும் இல்லை. செல்வராஜ் சொல்றதுதான். எவனோ எகிறிக் குதிச்சிருக்கான். தள்ளிவிட்டுட்டுக் கையெழுத்துப் போடு."

"நான் தள்ள மாட்டனுங்க சார்."

"வேலை போயிரும்மா."

"தெரியுமுங்க. ஆடி மாசம் எல்லாரும் போயாச்சுன்னு வாயில சொன்னேன். இப்ப அதையே கையில சொல்லச் சொல்றீங்க." அவள் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அறுநூத்திப் பதிமூணு, அறுநூத்திப் பன்னெண்டுன்னு எழுதறேன். போலீசுக்கும் சொல்லிருங்க. வேணாம்னா நீங்களே தள்ளுங்க, நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்குங்க. நான் போயிக்கறேன்."

வெங்கடேஷ் அவளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு வெளிக்கம்பியிடம் போய், சந்தனம் படாத இடமாகப் பார்த்து, ஒரு கையின் மேல் கையை வைத்தார்.

கேட்டோரம் காலை நீட்டி உட்கார்ந்து, குரங்கு கடித்துப் போட்ட கொய்யாக்களைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்த ஆராயி தலையைத் தூக்கினாள்.

"ஏனுங்க மேனேசரு, காத்தால பூசை முடிஞ்சதும் நீங்க ஒருக்கா சுத்துனீங்களே. அதையும் இது எண்ணுமுங்களா?"

வெங்கடேஷின் கை கம்பியின் மேல் அப்படியே நின்றது.

"என்னக்கா சொல்றீங்க?" என்று சசிகலா எழுந்தாள்.

"எலுமிச்சங்காய அடியில வெச்சு, சூடங் காட்டி, மிசினை ஓட்டாம பூசை முடியாதுன்னு சொல்லி உள்ள போற கம்பியை ஒரு தள்ளு தள்ளிச் சுத்துனாரு. பஸ்ஸு லாரிக்கெல்லாம் பண்றாப்புல. நாந்தான் சுண்டலுக்கு நின்னுட்டு இருந்தனே."

"வெளிய வர்ற கம்பியை?"

"அதைத் தொடலை. அதையுஞ் சுத்துங்க சார்னு செல்வராசு சொன்னாரு. கூறு கெட்டவனே, மகாலச்சுமியை உள்ள கூப்புட்டு வெச்சுட்டு வெளிய போற வழியையுந் தொறந்து உடுவாங்களான்னு இவருதான் வைஞ்சாரு."

செல்வராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆமாங்க சார். வைஞ்சீங்க."

"அதுல ஆள் யாரும் போகலையேய்யா" என்றார் வெங்கடேஷ். "அது பூசைக்குச் சுத்துனது."

"கம்பிக்கு அது தெரியாதுங்களே சார்" என்றாள் சசிகலா. "நான் சைபர் பண்ணுனது ஏழரைக்கு. பூசை எட்டு மணிக்கு. அப்பவே ஒண்ணு ஏறிருச்சு. மாலை மூடியிருந்ததால எனக்குத் தெரியலை."

"நீ பூசையில இல்லையா?"

"இல்லீங்க."

"எங்க போன? எல்லாரும் இருந்தோமே."

சசிகலா பதிவேட்டின் பக்கத்தைத் திருப்பினாள். "கேக்கறாரு பாரு ஒரு கேள்வி, கண்ணாலங் கட்டி ரெண்டு புள்ளை பெத்தவரு" என்றாள் ஆராயி கொய்யாவிடம். வெங்கடேஷ் உடனே போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

சசிகலா மனசுக்குள் ஒருமுறை கூட்டிக் கழித்தாள். பூசையை எடுத்துவிட்டால் உள்ளே போனவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு. வந்தவர்களும் அதுவேதான். நீல ஸ்வெட்டர்காரர் குரங்கு வந்த நேரத்தில் போயிருக்கவேண்டும். எண் அப்படித்தான் சொன்னது. ஒரு மணி நேரமாக அவளைப் பயமுறுத்திக்கொண்டிருந்ததும் இதே எண்தான் என்பதால் அதை முழுசாக நம்பிவிட மனம் வரவில்லை. ஆனாலும் மூச்சு இறங்கியது.

"அப்பச் சரிங்க சார். இப்பக் காரணம் தெரிஞ்சுபோச்சு. நான் ஒண்ணு சுத்தி உட்டுடறேன், எண்ணு சரியாப் போயிரும்" என்று வெளிக்கம்பியிடம் வந்தாள்.

"ஏய், ஏய்! கைய எடு!"

வெங்கடேஷ் பாய்ந்து வந்து கம்பிக்குக் குறுக்கே நின்றார். "என்ன காரியம் பண்ற? பூசை போட்டு உள்ள கூப்பிட்டதை, அன்னிக்குச் சாயங்காலமே வெளிய தள்ளுவாங்களா?"

"இத்தன நேரம் நீங்கதான தள்ளச் சொன்னீங்க?"

"அப்ப அது ஆளுன்னு நெனச்சேன்!"

அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்கவேண்டும். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆராயிகூடக் கொய்யா பொறுக்கத் திரும்பிவிட்டாள்.

சசிகலா நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாள். உள்ளே 613. வெளியே 612. அதிகமாக உள்ள ஒன்று காலையில் பூசைக்குச் சுற்றியது. தோட்டம் முழுவதும் தேடிப் பார்த்தோம், ஆள் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதிவேட்டை நீட்டினாள். வெங்கடேஷ் இரண்டு தடவை படித்தார். பேனாவை வாங்கி, அவள் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார். இரண்டு கண்ணாடியையும் போட்டோ எடுத்து, பதிவேட்டுப் பக்கத்தையும் எடுத்து, முதலாளிக்கு அனுப்பினார். நாலு பேரும் அந்தப் போனைச் சுற்றி நின்றார்கள்.

பதில் ஒரு நிமிஷத்தில் வந்தது. கும்பிடும் கை படம் ஒன்று. வேறு எதுவும் இல்லை.

"அவ்வளவுதானா?" என்றார் செல்வராஜ்.

"அவரும் இன்னிக்கி அவரோட மில்லுல பூசை போட்டிருப்பாரு" என்றார் மாதேஸ்வரன். அவர் செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

வெங்கடேஷ் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தார். கிளம்பும்போது நிறுத்தி, "நாளைக்குக் காலைல சைபர் அடிக்கறப்ப, உள்ள கூப்பிட்டதுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டார்.

"எண்ணுதான் சார் சைபராகும்" என்றாள் சசிகலா.

அவர் திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

அவள் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பஸ் ஏறும் ஒண்டிக்கடை முக்குக்கு நடந்தாள். விடுமுறைக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கடைகளின் ஷட்டர்களில் வாழைக்கன்றுகள் சாய்ந்திருந்தன. நிறுத்தியிருந்த ஜீப்புகளின் முகத்தில் எல்லாம் பொட்டு. டயர்களுக்குக் கீழே நசுங்கிய எலுமிச்சம்பழங்கள். அவற்றை மிதிக்காமல் ஓரமாகப் போனாள். தேடி ஆகிவிட்டது, எழுதியும் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே நடந்தாலும், அவள் கண் தன்பாட்டுக்கு ஒவ்வொரு ஸ்வெட்டராகப் பார்த்துக்கொண்டு வந்தது. சிவப்பு, பச்சை, பழுப்பு.

மிளகாய் பஜ்ஜி போடும் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார் அவர். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் காகிதத்தில் பஜ்ஜி. சூடு தாங்காமல் வாயைத் திறந்து திறந்து ஊதிக்கொண்டிருந்தார். சேலம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களோடு நிற்கிறவர், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பனிக்குள் தன்னை எத்தனை பேர் "சார், சார்" என்று கூப்பிட்டார்கள் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

சசிகலா அவர் முகத்தை இரண்டாவது தடவை பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்தாள். நீல ஸ்வெட்டரின் விளிம்புக்கு மேலே குங்குமச் சிவப்பில் ஒரு பட்டை. அதற்குப் பக்கத்தில், இரண்டு விரல் தள்ளி, சந்தன மஞ்சளில் இன்னொரு பட்டை. உள்ளே போனது ஒன்று. வெளியே வந்தது ஒன்று.

அவள் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார். டீயைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு, குனிந்து, மஞ்சளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"கேட்டுல இருந்தீங்க இல்ல?" என்றார். "இது போகுங்களா?"

"துவைச்சாப் போயிருமுங்க" என்றாள் சசிகலா.